சமைத்த காய்கறியால் இதயத்துக்குப் பயன் இல்லையா?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். அவருடைய அப்பாவுக்கு வயது 58, லோரி ஓட்டுகிறார். போன மாதம் அரசாங்க கிளினிக்கில் பார்த்தபோது இரத்த அழுத்தம் 152/94, கெட்ட கொழுப்பு 3.9. மாத்திரை கொடுத்து, காய்கறி நிறைய சாப்பிடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அப்பாவோ கைப்பேசியில் யாரோ அனுப்பிய செய்தியைக் காட்டி, "சமைத்த காய்கறியால இதயத்துக்கு ஒரு பயனும் இல்லையாம், இங்கிலாந்துல கண்டுபிடிச்சிட்டாங்க. பச்சையா மெல்ல நான் என்ன ஆடா மாடா?" என்கிறாராம். "அக்கா, அது உண்மையா? அவருக்கு நான் என்ன சொல்வது?" என்பதுதான் கேள்வி.

தம்பி, அப்படி ஓர் ஆய்வு நடந்தது உண்மை. ஆனால் அப்பாவுக்கு வந்த செய்தியில் அதன் முன்பாதிதான் இருக்கிறது. பினாங்கில் 26 வருடம் டயட்டீஷியனாக வேலை செய்தவள் நான். இதே கேள்வியை வார்டில் பலர் கேட்டிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

அந்த ஆய்வு 2022இல் வெளியானது. பிரிட்டனில் ஏறத்தாழ 4 லட்சம் பேரிடம், ஒரு நாளைக்கு எத்தனை மேசைக்கரண்டி சமைக்காத பச்சைக் காய்கறி, எத்தனை மேசைக்கரண்டி சமைத்த காய்கறி சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, சுமார் 12 வருடம் கவனித்தார்கள். 18,000 பேருக்கு மேல் மாரடைப்போ பக்கவாதமோ அது போன்ற வேறு நோயோ வந்தது. பச்சையாக நிறையச் சாப்பிட்டவர்களுக்கு அது குறைவாக வந்தது. சமைத்துச் சாப்பிட்டவர்களிடம் அப்படி ஒரு வித்தியாசம் தெரியவில்லை. செய்தி இதோடு நின்றுவிட்டது. ஆய்வாளர்கள் நிற்கவில்லை. பச்சைக் காய்கறி நிறையச் சாப்பிடுகிறவர்கள் யார் என்று பார்த்தார்கள். படித்தவர்கள், வசதி உள்ளவர்கள், புகை பிடிக்காதவர்கள், உடற்பயிற்சி செய்கிறவர்கள்தான் அதில் அதிகம். இவற்றையெல்லாம் கழித்துக் கணக்குப் போட்டபோது, பச்சைக் காய்கறியின் பலன் என்று தெரிந்ததில் பெரும்பகுதி கரைந்துபோனது. அதாவது அந்த ஆய்வு "பச்சை நல்லது, சமைத்தது வீண்" என்று சொல்லவே இல்லை. இந்த மாதிரிக் கணக்கில் காய்கறியின் பலனையும் வாழ்க்கை வசதியின் பலனையும் பிரித்தெடுப்பது கஷ்டம் என்பதுதான் அதன் முடிவு.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர்கள் சராசரியாகச் சாப்பிட்ட சமைத்த காய்கறி நாளுக்கு 3 மேசைக்கரண்டிகூட இல்லை. அதையும் ஒரே ஒரு தடவை கேட்டு எழுதிக்கொண்டார்கள். 12 வருடத்தில் ஒருவர் சாப்பாட்டை எத்தனை தடவை மாற்றியிருப்பார்?

சரி, வேறு எதை நம்புவது? தட்டில் நாமே அளந்து போட்டு, உடம்பில் என்ன மாறுகிறது என்று பார்க்கும் சோதனையை நம்பலாம். அமெரிக்காவில் நடந்து 1997இல் வெளியான 'டேஷ்' சோதனை அப்படிப்பட்டது. 459 பேர். 8 வாரத்துக்கு எல்லாச் சாப்பாட்டையும் ஆய்வுக்கூடமே சமைத்துக் கொடுத்தது. ஒரு கூட்டத்துக்கு வழக்கமான அமெரிக்கச் சாப்பாடு, ஒரு கூட்டத்துக்கு அதில் காய்கறியும் பழமும் மட்டும் கூட்டியது, மூன்றாவது கூட்டத்துக்கு காய்கறி, பழத்தோடு கொழுப்பு குறைந்த பாலும் சேர்த்து, மொத்தக் கொழுப்பையும் குறைத்தது. எல்லாருக்கும் உப்பு ஒரே அளவு. எடையும் ஏறாமல் இறங்காமல் பார்த்துக்கொண்டார்கள். காய்கறி, பழம் மட்டும் கூடிய கூட்டத்தில் மேல் அழுத்தம் (152/94 என்பதில் முதல் எண்) வழக்கமான சாப்பாட்டுக் கூட்டத்தைவிட 2.8 புள்ளி கூடுதலாக இறங்கியது. மூன்றாவது கூட்டத்தில் 5.5. அதிலும் ஏற்கெனவே இரத்தக் கொதிப்பு இருந்தவர்களுக்கு 11.4 வரை இறங்கியது. இரண்டே வாரத்தில் அந்த இறக்கம் தெரிந்துவிட்டது. எடையும் குறையவில்லை, உப்பும் குறையவில்லை, தட்டில் இருந்தது மட்டும் மாறியது. உங்கள் அப்பாவுக்குக் காட்ட வேண்டிய ஆய்வு இது.

காய்கறி உடம்புக்குள் போய் என்ன செய்கிறது? எனக்குப் பிடித்த பகுதி இது.

முதலில் கீரை. பாயம் (முளைக்கீரை), சாவி (கடுகுக்கீரை), கங்கோங் (வள்ளைக்கீரை), சாலட் இலை, பீட்ரூட் இவற்றிலெல்லாம் நைட்ரேட் என்ற பொருள் இருக்கிறது, கீரை வகைகளில் நிறையவே இருக்கிறது. சாப்பிட்டதும் அது குடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் கலக்கிறது. அங்கிருந்து ஒரு பங்கை உமிழ்நீர்ச் சுரப்பிகள் இழுத்து மறுபடியும் வாய்க்கே கொண்டு வருகின்றன. நாக்கின் பின்பகுதியில் குடியிருக்கும் நல்ல கிருமிகள் அதை நைட்ரைட் ஆக மாற்றுகின்றன. நாம் அதை விழுங்க, அதிலிருந்து உடம்பு நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை உண்டாக்கிக்கொள்கிறது. இரத்தக் குழாயின் சுவரில் உள்ள தசையைத் தளர்த்துவது அந்த வாயுதான். குழாய் தளர்ந்தால் அழுத்தம் இறங்கும். இந்த வாயு இரத்தக் குழாய்க்குள் செய்தி சொல்லும் பொருள் என்று கண்டுபிடித்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சு வலிக்காரர்கள் சட்டைப்பையில் வைத்திருந்து வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கிறார்களே, அந்தச் சின்ன மாத்திரை வேலை செய்வதும் இதே வாயுவால்தான். மாத்திரை நிமிடத்தில் செய்கிற வேலை வேறு, கீரை நாள்தோறும் மெதுவாகச் செய்கிற வேலை வேறு. ஒன்றுக்கு மற்றது மாற்று இல்லை. ஆனால் உள்ளே நடக்கும் கதை ஒன்று.

லண்டனில் 2015இல் வெளியான ஒரு சோதனையில், கொதிப்பு உள்ள 60க்கும் மேற்பட்டவர்களில் ஒரு பாதியினர் 4 வாரம் தினமும் 250 மில்லி பீட்ரூட் சாறு குடித்தார்கள். மேல் அழுத்தம் சுமார் 8 புள்ளி இறங்கியது. நைட்ரேட்டை எடுத்துவிட்ட அதே சாற்றைக் குடித்த மறுபாதியினருக்கு அப்படி இறங்கவில்லை. இதில் நான் எல்லாரிடமும் சொல்லும் ஒரு சின்ன விஷயம் உண்டு. கிருமியெல்லாம் சாகும் என்று போட்டிருக்கும் காட்டமான மருந்துத் தண்ணீரால் காலையும் மாலையும் வாய் கொப்பளிக்கிறவர்களுக்கு, நாக்கில் உள்ள அந்த நல்ல கிருமிகளும் போய்விடுகின்றன. கீரை சாப்பிட்டும் பலன் குறைகிறது. பல் டாக்டர் சொன்னால் ஒழிய அதைத் தினமும் பாவிக்க வேண்டாம்.

அடுத்தது பொட்டாசியம். நாம் உப்பைக் கூட்டிச் சாப்பிடுகிற கூட்டம். பெலாச்சான் (இறால் விழுது), கிச்சாப் (சோயா சாஸ்), கருவாடு, உப்பு முட்டை, அப்புறம் குழம்பு. பொட்டாசியம் கூடும்போது சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்காமல் சிறுநீரில் விடுகிறது. 100 கிராம் பாயம் கீரையில் ஏறத்தாழ 600 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. ஒரு நாளைக்கு 3,500 மில்லிகிராமாவது வேண்டும், உப்பு 5 கிராமுக்குள், அதாவது தட்டையாக ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சோறும் மீனும் குழம்பும் மட்டும் சாப்பிட்டால் அந்த 3,500ஐத் தொடவே முடியாது.

மூன்றாவது நார். வெண்டைக்காயை நறுக்கினால் கத்தியில் ஒரு வழவழப்பு ஒட்டி நூல் மாதிரி இழுக்குமே, அதேதான். கரையும் நார் என்று சொல்வோம். கத்திரிக்காயிலும் உண்டு. கொழுப்பைச் செரிக்க ஈரல் பித்தநீரை அனுப்புகிறது. வேலை முடிந்ததும் அதைக் குடலிலிருந்து திரும்ப எடுத்து மறுபடியும் பாவித்துக்கொள்கிறது, ரொம்பச் சிக்கனம். இந்த வழவழ நார் குடலில் பித்தநீரைப் பிடித்து மலத்தோடு வெளியே கொண்டுபோய்விடுகிறது. ஈரலுக்குப் புதிதாகப் பித்தநீர் செய்ய வேண்டிய கட்டாயம். அதற்கு மூலப்பொருள் கொலஸ்ட்ரால். அதை இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது, கெட்ட கொழுப்பு இறங்குகிறது. டொரோண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 2003இல் வெளியிட்ட சோதனையில் வெண்டைக்காய், கத்திரிக்காய், பார்லி, சோயா, பாதாம், தாவர ஸ்டெரால் சேர்த்த மார்ஜரின் எல்லாம் ஒன்றாகக் கொடுத்ததில் ஒரே மாதத்தில் கெட்ட கொழுப்பு 28 விழுக்காட்டுக்கு மேல் இறங்கியது. வெண்டைக்காய் தனியாகச் செய்த வேலை இல்லை அது. ஆனாலும் நம் வீட்டுக் காய்கள் இரண்டு அந்தப் பட்டியலில் இருந்தது எனக்குப் பெரிய சந்தோஷம். வழவழப்பு போக வதக்கினால் நார் போய்விடுமா என்று கேட்பார்கள். போகாது. எண்ணெயை மட்டும் பார்த்து ஊற்றுங்கள்.

இவ்வளவும் சத்துகளின் வேலை என்றால் அவற்றை மாத்திரையாக விழுங்கினால் என்ன? அதையும் செய்து பார்த்தார்கள். கேரட்டின் மஞ்சள் சத்தான பீட்டா கரோட்டினை அமெரிக்காவில் 22,000 ஆண் மருத்துவர்களிடையே 12 வருடம் சோதித்தும் மாரடைப்பு குறையவில்லை. பின்லாந்தில் புகை பிடிக்கிறவர்களுக்குக் கொடுத்ததில் நுரையீரல் புற்றுநோய் கூடியது. காயைக் காயாகத்தான் சாப்பிட வேண்டும்.

பச்சையா, சமைத்ததா என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். அடுப்பின் சூட்டில் பொட்டாசியம் அழியாது, நாரும் அழியாது. வைட்டமின் சி கொஞ்சம் போகும். தக்காளியின் சிவப்பும் கேரட்டின் மஞ்சளும் கொஞ்சம் எண்ணெயோடு வேகும்போதுதான் உடம்பில் நன்றாகச் சேர்கின்றன. நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டுவதுதான் நஷ்டம். நைட்ரேட்டும் பொட்டாசியமும் தண்ணீரில் இறங்கிவிடும். அந்தத் தண்ணீரைச் சாம்பாரிலோ ரசத்திலோ ஊற்றிவிடுங்கள். 18 நாடுகளில் 1,35,000க்கும் மேற்பட்டவர்களைக் கவனித்து 2017இல் வந்த 'பியூர்' ஆய்வில் நம் மலேசியாவும் இருந்தது. அதிலும் பச்சைக் காய்கறிக்குத்தான் தொடர்பு கூடுதலாகத் தெரிந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது வேறொன்று. காய்கறி, பழம், பருப்பு வகை எல்லாம் சேர்த்து நாளுக்கு 375இலிருந்து 500 கிராம் சாப்பிட்டவர்களுக்கே மரண ஆபத்து குறைந்தபட்சத்துக்கு வந்துவிட்டது. சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்களால் முடியக்கூடிய அளவு அது.

ஆனால் அந்த அளவுகூட நம்மிடம் இல்லை. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், நாட்டில் பெரியவர்களில் 95 விழுக்காட்டினர் போதிய காய்கறியும் பழமும் சாப்பிடுவதில்லை என்று தெரிந்தது. 10 பேரில் 3 பேருக்கு இரத்தக் கொதிப்பு. இந்நாட்டு இந்தியர்களில் ஏறத்தாழ 3 பேரில் ஒருவருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு). இந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் அப்பா ஞாபகம்தான்.

நான் பிறந்தது கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில். லயத்து வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கை, நாலு கத்திரிச் செடி, வேலியில் பயற்றங்காய்க் கொடி. காசு இல்லாத வாரத்தில் முருங்கைக் கீரையும் நெத்திலியும்தான் சாப்பாடு. அதை ஏழைச் சாப்பாடு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். 80களில் பினாங்குக்கு வந்து அடுக்குமாடி வீட்டில் குடியேறினோம். கொடி நட இடம் இல்லை. அப்பாவுக்கு வேலை இடத்தில் மத்தியானச் சாப்பாடு கடையில். கையில் கொஞ்சம் காசு புரண்டதும் தட்டில் கோழியும் இறைச்சியும் ஏறின, கீரை இறங்கியது. கீரை சமைத்தால், "இது என்ன, தோட்டத்துச் சாப்பாடா?" என்பார். 57 வயதில் மாரடைப்பில் போனார். கீரை சாப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன், அவர் புகையும் பிடித்தார். ஆனால் அந்தத் தட்டு மாறியதை என் கண்ணால் பார்த்தேன், இந்தப் படிப்புக்கு நான் போனதே அதனால்தான்.

அளவு என்றால் என்ன என்பதை ஒரு தடவை வீட்டிலேயே தராசில் வைத்துப் பாருங்கள். சௌரஸ்தா சந்தையில் வாங்கிய ஒரு கட்டு பாயம் கீரையை நான் போன வாரம் நிறுத்தேன். 310 கிராம். வேரும் முற்றிய தண்டும் போனபின் 220. பூண்டு தட்டிப் போட்டு வதக்கியதும் சோற்றுப் பானை நிறைய இருந்தது ஒரு சின்னக் கிண்ணத்துக்குள் அடங்கிவிட்டது. நாலு பேர் வீட்டில் அதைப் பங்கு போட்டால் ஆளுக்கு இரண்டு கரண்டி, 55 கிராம் கீரை. "நாங்க தினமும் கீரை சாப்பிடுறோம்" என்று சொல்கிற வீட்டின் கணக்கு இதுதான். நாசி கண்டார் சோற்றுக் கடையில் தட்டு ஓரத்தில் வைக்கும் நாலு வெண்டைக்காய் 50 கிராம்கூடத் தேறாது. உருளைக்கிழங்குப் பிரட்டலைக் காய்கறி என்று எண்ணாதீர்கள், அது சோற்றின் கணக்கில் வரும். நம் சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' (மலாயில் கால், கால், அரை) முறை எளிது: தட்டில் கால் பாகம் சோறு, கால் பாகம் மீனோ கோழியோ பருப்போ, மீதி அரைப் பாகம் காய்கறியும் பழமும். அரைப் பாகத்தைக் காய்கறிக்கு விட்டால் சோற்று மலைக்கும் குழம்பு வெள்ளத்துக்கும் இடம் தானாகக் குறையும். காய்கறியின் பலனில் இதுவும் ஒரு பங்கு.

பச்சையாக மெல்ல முடியாது என்கிறாரே அப்பா, வெள்ளரிக்காயும் வெங்காயமும் போட்ட தயிர்ப் பச்சடி அவருக்குப் பிடிக்காதா? வல்லாரையைப் பொடியாக நறுக்கித் தேங்காய்ப்பூவும் எலுமிச்சையும் பிசைந்து தாருங்கள். மலாய்க்காரர்கள் உலாமாகச் சாப்பிடும் அதே இலைதான். பசெம்போர் என்ற கடைச் சாலட்டையும் பச்சைக் காய்கறி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அதில் பொரித்த வடையும் இனிப்புக் குழம்பும்தான் அதிகம்.

காய்கறியைக் கூட்டுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைக் கட்டாயம் பாருங்கள். அப்பாவின் சிறுநீரகச் சோதனை முடிவு என்ன? சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் வெளியேறாமல் இரத்தத்தில் ஏறி, இதயத் துடிப்பையே குலைத்துவிடும். பெரிண்டோப்ரில் போன்ற சில கொதிப்பு மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றும். சிறுநீரகம் நன்றாக இருந்தால் பயம் இல்லை. இல்லையென்றால் டயட்டீஷியனைக் கேட்டு அளவு வாங்குங்கள். நான் மேலே கொட்டாதே என்று சொன்ன அந்தக் கீரைத் தண்ணீரை அவர்கள் கொட்டத்தான் வேண்டும். பெலிம்பிங் பழத்தை (நட்சத்திரப் பழம்) அவர்கள் ஒரு துண்டுகூடத் தொடக்கூடாது. அது மூளை நரம்பைப் பாதிக்கும், உயிருக்கே ஆபத்து. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கீரையை நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் ஒரு வாரம் தினமும், ஒரு வாரம் இல்லவே இல்லை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடாமல் ஒரே அளவாக வைத்துக்கொள்ள வேண்டும்.

மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். பூண்டு, இஞ்சி, எலுமிச்சைச் சாறு, ஆப்பிள் சிடர் வினிகர் எல்லாம் கலந்து காய்ச்சிக் குடித்தால் இதய அடைப்பு கரையும் என்று நம் ஊரில் ஒரு செய்தி வருடக்கணக்காகச் சுற்றுகிறது. எந்தக் காயின் சாறும் அடைபட்ட இதயக் குழாயைத் திறக்காது. அதை நம்பி மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஆறே மாதத்தில் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களின் மனைவிமார் அருகில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அழுகையாக வரும்.

உங்கள் அப்பா லோரியில் போகிறவர், மத்தியானம் வீட்டுச் சாப்பாடு கிடைக்காது. அதனால் வீட்டில் என்ன சமைப்பது என்பதைவிடக் கடையில் என்ன கேட்பது என்பதுதான் அவருக்கு உதவும். கடைக்காரரிடம், "அண்ணே, சோறு பாதி, வெண்டிக்காய் கூட வைங்க, கோபிஸ் (முட்டைக்கோஸ்) ரெண்டு கரண்டி, குவா பாஞ்சிர் வேண்டாம், குழம்பு ஓரமா ஒரு கரண்டி போதும்" என்று சொல்லச் சொல்லுங்கள். காய்கறிக்கு இரண்டு வெள்ளி (ரிங்கிட்) கூட ஆகலாம், கோழித் துண்டு ஒன்றைக் குறைத்தால் சரியாகிவிடும். இரவு வீட்டில் அம்மா கீரையை ஒரு கட்டுக்குப் பதில் இரண்டு கட்டாகச் சமைக்கட்டும், நெத்திலி போட்டால் உப்பு போட வேண்டாம். வீட்டில் அழுத்தம் பார்க்கும் கருவி இருந்தால், தொடங்கும் நாளிலும் அதன் பிறகு இரண்டு வாரம் காலையிலும் இரவிலும் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைத்து, அடுத்த கிளினிக் நாளில் டாக்டரிடம் அந்த நோட்டைக் காட்டுங்கள். மாத்திரையைக் குறைப்பதா வேண்டாமா என்று அவர் பார்த்துச் சொல்வார்.